காவலாளி அறை, குடும்பத்துடன்

கோவில்பட்டியில் மனிதர்கள் குடியிருக்க வேண்டிய இடத்தின் நிறம் மஞ்சள். இது யாரும் வெறும் கண்ணால் கண்ட மஞ்சள் அல்ல. நிலப் பயன்பாட்டு நெறிப்படுத்து வாரியம், கரிசல் சரகம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் மாடிப்படி ஏறியதும் எதிர்ச்சுவர் முழுக்க ஒரு வரைபடம் தொங்கும். அதில் மஞ்சள் என்றால் வீடு, பச்சை என்றால் விவசாயம், நீலம் என்றால் கடை கண்ணி, ஊதா என்றால் தொழிற்சாலை. இந்த மண்ணுக்குப் பிறவியிலேயே அமைந்த கறுப்புக்கு அந்தப் படத்தில் இடம் கிடையாது. அலுவலகத்தின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊர்க்காரர்கள் அதைக் கலர் ஆபீஸ் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

படம் வரைந்த காலத்தில் ஊர் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுக்கு அளந்து மஞ்சள் அடித்திருந்தார்கள். அதற்கப்புறம் ஊர் பெருத்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போனார்கள். மழை பொய்த்த வருடங்களில் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். மஞ்சள் மட்டும் அடித்த இடத்தில் அடித்தபடியே இருந்தது. மஞ்சளுக்குள் ஒரு வீடு காலியாகிறது என்றால் சாமான் ஏற்றுவதற்குள் வாசலில் நாலு குடும்பத்துச் செருப்பு கிடக்கும். வாடகை ஏறிக்கொண்டே போனது. இதைப் பற்றிக் கலர் ஆபீஸில் கேட்டால், வாடகை எங்கள் துறையில் வராது என்பார்கள். வாஸ்தவம்தான், வரைபடத்தில் வாடகைக்கு நிறம் இல்லை.

சண்முகராஜ் இந்த ஊரில் ஒரு கடலைமிட்டாய்க் கடையில் பாகு காய்ச்சுகிற மாஸ்டர். அவர் மனைவி முத்துச்செல்வி தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறாள், அதாவது மருந்து முக்குவதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுகிற வேலை. தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வது வழக்கம். ஒரே மகள் காளீஸ்வரி கல்லூரியில் படிக்கிறாள். மூன்று பேரும் நவநீதகிருஷ்ணன் என்கிற இரும்புக்கடைக்காரர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

கல்யாணமானதிலிருந்து எத்தனை வீடு மாறியிருக்கிறோம் என்று முத்துச்செல்வியைக் கேட்டால் அவளுக்கே கணக்கு விட்டுப்போகும். எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் சொல்லும் முதல் வார்த்தை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். சாமி படங்களைத் தரையில் சாய்த்து வைத்தே அவள் இத்தனை காலமும் கும்பிட்டாள். யாரையும் கேட்காமல் ஆணி அடிக்க ஒரு சுவர் வேண்டும், அவள் ஆசை அவ்வளவுதான்.

நவநீதகிருஷ்ணன் கெட்ட மனிதர் அல்ல. வாடகையை உயர்த்தும்போதெல்லாம் அவர் முகம் துக்க வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். அந்த வருடமும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தார்.

"ஏத்துதது நான் இல்ல, சம்முவம். அது தானா ஏறுது. நேத்துகூட மூணு பேரு வந்து கேட்டுட்டுப் போறாவ. உன்னைய வெரட்டவும் மனசு கேக்க மாட்டேங்கு, வந்தவியள வெரட்டவும் மனசு கேக்க மாட்டேங்கு. தை வரைக்கும் பாக்கேன்."

யார் யாரை எப்போது விரட்டுவார் என்பது சண்முகராஜுக்குப் புரிந்துவிட்டது.

அவர்களிடம் நிலம் இல்லாமல் இல்லை. கடம்பூர் ரோட்டில் ஐந்து சென்ட் கிடந்தது. முத்துச்செல்வி சீட்டுப் பிடித்து வாங்கிப்போட்ட இடம். வாங்கும்போது, பக்கத்தில் ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் மூடிக் கிடந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. மூடிக் கிடப்பது யாருக்கு என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தார்கள். அந்த ஒரு நினைப்புக்காகத்தான் சண்முகராஜ் அதற்குப் பிறகு கலர் ஆபீஸ் மாடிப்படியை அத்தனை முறை ஏறி இறங்க நேர்ந்தது.

கலர் ஆபீஸில் அவரை விசாரித்தவர் திட்ட உதவியாளர் மாதவன். குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். எதிரே நிற்பவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டுத் தலையாட்டி, கடைசியில் முடியாது என்பதை ஓர் ஆறுதல் வார்த்தை மாதிரி சொல்லத் தெரிந்தவர். அவர் வரைபடத்தில் ஸ்கேலை வைத்து ஐந்து சென்ட்டைத் தேடிக் கண்டுபிடித்து, ஊதா என்றார். ஊதாவிலும் அபாயத் தொழில் ஊதா. அங்கே வீடு கட்ட முடியாது, ஏனென்றால் பக்கத்தில் தீப்பெட்டி ஆலை இருக்கிறது, தீப்பிடித்தால் குடியிருப்பவர்களுக்கு ஆபத்து.

"ஆலை எங்க சார் இருக்கு? அது மூடி எம்புட்டோ காலமாச்சு. ஒரு குட்டிச்சுவருதான் நிக்கி, உள்ள பூரா வேலிக்கருவை."

மாதவன் திரும்பி வரைபடத்தைப் பார்த்தார். "இதுல இருக்கே" என்றார்.

நிறத்தை மாற்ற வழி உண்டா என்று சண்முகராஜ் கேட்டார். தாராளமாக உண்டு. ஆலை இயங்கவில்லை என்று ஆலை நிர்வாகம் தன் முத்திரையோடு எழுதிக் கொடுக்க வேண்டும். நிர்வாகமே இல்லையே என்றதற்கு, அதையும் அவர்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் மாதவன். சண்முகராஜ் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நிறைய பேர் எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க, நாங்க வீடு கட்ட விடாமப் பண்றோம்னு. அப்படி இல்லைங்க. ஒரு வீடு கட்டினா அதுல ஆளுங்க குடிவருவாங்க. வந்தவங்க தண்ணி கேப்பாங்க, ரோடு கேப்பாங்க, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் கேப்பாங்க. எதையுமே கேக்காத நகரம்தாங்க திட்டமிட்ட நகரம். அதுக்குத்தான் நாங்க இவ்வளவு பாடுபடறோம்."

இவ்வளவு பாடுபடுகிறவர்களிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று சண்முகராஜ் எழுந்தார். அப்போதுதான் மாதவன் விதிப் புத்தகத்தைப் புரட்டி, போனால் போகிறது என்று ஒரு வரியைப் படித்துக் காட்டினார். ஊதா மண்டலத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலை கட்டலாம். அதற்குத் துணையாகக் காவலாளி அறை, குடும்பத்துடன் தங்கும் வகையில், அனுமதிக்கப்படும். கட்டுமானப் பொருளைக் காக்க ஆள் வேண்டும் என்பதால் காவலாளி அறையை முதலிலேயே கட்டிக்கொள்ளலாம்.

சண்முகராஜ் வீடு வந்து சேரும்வரை அந்த வரியில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். குடும்பத்துடன்.

முத்துச்செல்வி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "தீப்பெட்டி ஆபீஸ்தான கட்டணும்? கட்டுதோம்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க. பாவாடை கட்டுன வயசுல இருந்து கட்டை அடுக்குதேன். நான் பாக்காத ஆபீஸா?"

எழுதிக் கொடுத்தார்கள். ஊதாவில் தொழில் தொடங்கக் கேட்டு அதுவரை ஒரு மனுகூட வந்ததில்லையாம். அதனால் அலுவலகமே இவர்கள் மனுவை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சியது. 'முத்துச்செல்வி மேட்ச் ஒர்க்ஸ், உத்தேசம்' என்ற பெயரில் அனுமதி வந்தது. கட்டிடத்துக்கான வரைபடத்தில் வீடு என்று தோன்றும் எந்த வார்த்தையும் இருக்கக் கூடாது என்று மாதவன் எச்சரித்திருந்ததால், கூடத்துக்குக் கண்காணிப்பு மையம் என்று பெயர் வைத்தார்கள். குளியலறை தீயணைப்பு நீர் இருப்பு ஆனது. காளீஸ்வரி படுத்துப் படிப்பதற்கென்று ஒதுக்கிய சின்ன அறை, லாந்தர் மற்றும் விசில் வைப்பறை.

கரிசலில் அஸ்திவாரம் எடுப்பது என்றால் பாதிக் கிணறு வெட்டுகிற வேலை. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், மழையில் அதே மண் உப்பி எழுந்து சுவரைத் தூக்கிக் காட்டும். சண்முகராஜின் பி.எஃப். பணமும் முத்துச்செல்வியின் கழுத்து, காது, கையும் அந்தப் பள்ளத்துக்குள் போய், அதற்கு மேலேதான் கட்டிடம் எழும்பியது. தையில் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். மாதவனுக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள்.

மாதவன் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். இலையில் உட்கார்ந்து கேசரியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சாப்பிட்டது விருந்தாளி மாதவன். இப்பப் பேசறது திட்ட உதவியாளர். தீப்பெட்டித் தொழிற்சாலை வளாகத்துக்குள்ள அடுப்பு எரியுது."

பால் பொங்கி வழிந்த பானை இன்னும் சூடாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்த வளாகத்துக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று ஆனது. எதிர்ப்பக்கப் புஞ்சையில் அடுப்பு வைக்கலாமா என்று கேட்டதற்கு, அது பச்சை, சமையல் விவசாயம் ஆகாது என்று பதில் வந்தது. கடைசியில் வரைபடத்தில் நிறமே அடிக்காமல் விட்டிருந்த ஓர் இடம் அகப்பட்டது. ரோட்டோரம். அது நெடுஞ்சாலைக்காரர்களுடையது, கலர் ஆபீஸுக்கு அங்கே அதிகாரம் இல்லை. முத்துச்செல்வி ரோட்டோரத்தில் ஒரு குடையைக் கட்டி அடுப்பைப் பற்றவைத்தாள். குழம்பு வாசனை பிடித்த லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி, பரோட்டா இருக்கா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால், எப்பப் போடுவீங்க என்று கேட்டார்கள்.

இருந்தாலும் அந்தச் சில மாதங்கள் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. முத்துச்செல்வி குடிவந்த அன்றே ஆணி வாங்கிவந்து, மாட்டப் படம் இல்லாத இடத்தில்கூட அடித்தாள். காளீஸ்வரி விசில் வைப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். அவள் வயதுக்கு அவள் சாத்திய முதல் கதவு அது. சண்முகராஜ் ராத்திரி பாகு வாசனையோடு வந்து படுத்ததும் தூங்கினார். வாடகை வீட்டில் அவருக்கு அப்படித் தூக்கம் வந்ததில்லை.

பிறகு நோட்டீஸ் வந்தது. காவலாளி அறை இருக்கிறது, காக்கப்பட வேண்டிய தொழிற்சாலையைக் காணோம். குறிப்பிட்ட நாளில் வாரியத்தின் ஆய்வு அலுவலர் வருவார். அன்றைக்குத் தொழிற்சாலை இயங்கவில்லை என்றால் காவலாளி அறை நோக்கமற்ற கட்டிடம் எனக் கருதப்பட்டு இடிக்கப்படும்.

சண்முகராஜ் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாதவனிடம் ஓடினார். மாதவன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஆய்வு என்னுடைய பிரிவு இல்லை என்றார். முத்துச்செல்வி மட்டும் கலங்கவில்லை. இந்த ஊரில் தீப்பெட்டி ஆபீஸில் காலம் தள்ளியவர்களுக்கு ஆய்வு என்பது ஒரு பண்டிகை மாதிரி பழகிப்போனது. இன்ஸ்பெக்டர் வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டது என்று போன் வந்த அரை மணிக்குள் ஆபீஸ் ஆளே மாறிவிடும். சிவப்பு வாளிகளில் மணல் நிரம்பும். ஒட்டடை படிந்த முதலுதவிப் பெட்டி துடைக்கப்பட்டு ஆணியில் ஏறும். கூடுதலாக இருக்கும் பெண்கள் பின்வாசல் வழியாகக் கருவைக் காட்டுக்குள் போய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மிச்சப் பேர் இடைவெளி விட்டு உட்கார்ந்து, மகாலட்சுமி மாதிரி வேலை பார்ப்பார்கள். இந்தக் கலையில் முத்துச்செல்வி கை தேர்ந்தவள். அவள் முன்னால் நின்று ஏற்பாடு செய்த எந்த ஆய்விலும் அவளுடைய முதலாளி பேச்சு வாங்கியது கிடையாது.

கூட வேலை பார்க்கும் இசக்கியம்மாளையும் அமுதவள்ளியையும் இன்னும் சிலரையும் லீவு போடச் சொன்னாள். கட்டை அடுக்கும் சட்டங்களைக் கணக்கப்பிள்ளையிடம் ஒரு நாள் இரவல் வாங்கினாள். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டு, கூடத்தில் வரிசையாகச் சாக்கு விரித்தாள். 'புகை பிடிக்காதே' போர்டு சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஏறியது. குளியலறைக் கதவில் பூட்டைத் தொங்கவிட்டு, 'மருந்து அறை, அனுமதி இல்லை' என்று காளீஸ்வரியை எழுதச் சொன்னாள்.

காளீஸ்வரி எழுதினாள். எழுதிவிட்டு, "எம்மா, கொஞ்சம் கொறச்சலாச் செய்யேன்" என்றாள்.

"போடி. அரைகுறையாச் செஞ்சா அவனுக்குச் சந்தேகம் வரும்."

ஆய்வு அலுவலர் செல்வக்குமார் வந்தார். வாசலில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ நிஜ ஆலைகளுக்குப் போய் வந்தவர், விதிப் புத்தகத்தில் உள்ளபடி இருக்கும் ஓர் ஆலையை அன்றுதான் கண்ணால் பார்க்கிறார். வாளி மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார், சலித்த மணல். பெண்களுக்கு இடையே உள்ள இடைவெளியை அளந்தார், சரியாக இருந்தது. மருந்து அறையைத் திறக்கலாமா என்று கேட்டார். மருந்து முக்குகிற நேரத்தில் வெளியாட்கள் போகக் கூடாதுங்க சார் என்று முத்துச்செல்வி தாழ்மையாகச் சொன்னதும், சபாஷ் என்றார். ரோட்டோரம் போட்ட காபியைக் குடித்துவிட்டு, எல்லோரும் கட்டை அடுக்குகிறபடியே படம் எடுத்துக்கொண்டார். முழு இயக்கத்தில் உள்ள முன்மாதிரித் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று அந்த இடத்திலேயே சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு மாதத்துச் சோர்வு போயிற்று. முத்துச்செல்வி எல்லோருக்கும் கடம்பூர் போளி வாங்கிக் கொடுத்தாள். வீடு பிழைத்தது என்று சண்முகராஜ் வெயிலுகந்தம்மனுக்கு நேர்ந்துகொண்டதை அந்த வாரமே செலுத்தினார்.

அடுத்த நோட்டீஸ் அதற்கு அடுத்த வாரம் வந்தது. முழு இயக்கத்தில் உள்ள தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் மனிதர்கள் தங்கும் அறைக்கும் நடுவே விட வேண்டிய தூரம் ஒன்று விதியில் இருந்தது. அவர்களுடைய ஐந்து சென்ட்டை நீளவாக்கில் அளந்தாலும் அந்தத் தூரம் வராது. மேலும், ஆய்வு அறிக்கைப்படி தொழிற்சாலை இயங்குவது கண்காணிப்பு மையம் எனப்படும் கூடத்தில். குடும்பம் தங்குவதும் அதே கூடத்தில். ஆக, கூடத்துக்கும் கூடத்துக்கும் நடுவே தூரமே இல்லை என்பது வாரியத்தைக் கவலைக்குள்ளாக்கியிருந்தது. குடும்பத்தின் பாதுகாப்பை முன்னிட்டு வளாகத்துக்குச் சீல் வைக்கப்படும். ஆட்சேபம் இருந்தால் விசாரணையில் தெரிவிக்கலாம்.

விசாரணை நாளில் சண்முகராஜும் முத்துச்செல்வியும் நல்ல துணி உடுத்திக்கொண்டு போனார்கள். வாரியத் தலைவர் பாலகணேஷ் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் புதிதாக ஒரு கேடயம் இருந்தது. அந்தச் சரகத்தில் ஊதா மண்டலத்தை உயிர்ப்பித்த சாதனைக்காகத் தலைமையகம் கொடுத்ததாம். கேடயத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு ஒரு படம். இசக்கியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டை அடுக்குகிறாள்.

சண்முகராஜ் ராத்திரியெல்லாம் யோசித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார்.

"சார், அது ஆபீஸே இல்ல. நாங்க நடிச்சோம். அந்தப் பொம்பளைய எல்லாம் வேற ஆபீஸ்ல வேலை பாக்கவிய. பூட்டிக் கெடந்தது எங்க பாத்ரூம். அது வீடு சார். நாங்க குடியிருக்க வீடு."

வீடு என்ற வார்த்தை அந்த அறையில் விழுந்ததும் குறிப்பெழுதிக்கொண்டிருந்த மாதவன் பேனாவை நிறுத்தினார். அதை எந்த நிறத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பாலகணேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவரும் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

"உங்க நேர்மையைப் பாராட்டறேன். நீங்க சொன்னது பொய்ன்னு சொல்றீங்க, ஏத்துக்கறேன். ஆனா அந்தப் பொய்யைப் பார்த்து நாங்க கொடுத்த சான்று உண்மைங்க. அதுல ஆய்வு அலுவலர் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்கு. இப்ப அங்க ஆலை இல்லைன்னு நான் எழுதினா, அந்தச் சான்றை நம்பி தலைமையகம் கொடுத்த கேடயம் என்ன ஆகும்? ஒரு குடும்பத்துக்காக ஒரு நிர்வாகத்தோட நம்பகத்தன்மையைக் கெடுக்கலாமா?"

அப்புறம் அவர் பொதுவாகக் கொஞ்சம் பேசினார். தான் பொறுப்பேற்றதிலிருந்து இந்தச் சரகத்தில் விதிமீறிய குடியிருப்பு ஒன்றுகூடக் கிடையாது என்றார். அதற்குக் காரணம், புதிய குடியிருப்பு ஒன்றுகூடக் கிடையாது என்றும் சொன்னார். வாடகை உயர்கிறது, வீட்டு மனை விலை உயர்கிறது என்று சிலர் குறை சொல்கிறார்கள், ஆனால் விலை உயர்கிறது என்றால் மக்கள் இந்த நகரத்தை விரும்புகிறார்கள் என்றுதானே அர்த்தம், அதற்கு நாம் பெருமைப்பட வேண்டாமா என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். சண்முகராஜுக்கும் பழக்க தோஷத்தில் தலை ஆடிவிட்டது.

முத்துச்செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஆபீஸ் நடத்தலைன்னு எழுதிக் குடுத்துட்டு, நாங்க இருந்துக்கிடலாமா சார்?"

முடியாது. ஆலை அனுமதியைத் திருப்பிக் கொடுத்தால் காவலாளி அறைக்கும் அனுமதி போய்விடும், அதற்கு விதிப்படி இடிப்புதான். திருப்பிக் கொடுக்காவிட்டால் சீல். இரண்டில் எது வேண்டும் என்று குடிமக்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், வாரியம் அதில் தலையிடாது என்றார் பாலகணேஷ். மாடிப்படியில் நின்று இருவரும் பேசினார்கள். இடித்தால் போனது போனதுதான், பூட்டினால் என்றைக்காவது திறப்பார்கள் என்று முத்துச்செல்வி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சண்முகராஜ் உள்ளே போய், சீல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

வைத்தார்கள். நவநீதகிருஷ்ணன் பின்கட்டில் வேறு குடும்பம் வந்தாயிற்று. மாடிப்படிக்குக் கீழே சாமான் போட்டிருந்த ஓர் அறையை ஒழித்து, பழைய பின்கட்டு வாடகைக்கு மேலேயே ஒரு தொகை சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த அறையில் காளீஸ்வரி கதவைச் சாத்திப் படிக்க முடியாது. கதவு படிக்கட்டில் இடிக்கும்.

சீல் வைத்த கட்டிடத்தோடு விவகாரம் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அனுமதி பெற்ற திட்டத்தில் காவலாளி உண்டு. காவலாளி இல்லாத வளாகம் கைவிடப்பட்ட வளாகம் ஆகிவிடும், கைவிடப்பட்டதை இடிக்கலாம். எனவே காவலாளியாக யார் இருக்கிறார் என்று வாரியம் கடிதம் எழுதிக் கேட்டது. விண்ணப்பத்தில் அந்த இடத்தில் சண்முகராஜின் பெயர்தான் இருந்தது. அவர் கடையில் சொல்லி அதிகாலைப் பாகுக்கு மாறிக்கொண்டார். பாகு இறக்கியதும் காக்கிச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடம்பூர் ரோட்டுக்குப் போவார். காவலாளி அறைக்குள் காவலாளி போகக் கூடாது, சீல் வைத்திருக்கிறது. ரோட்டோரம் வேலிக்கருவை நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, சாயங்காலம் வரைக்கும் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாதவன் அந்தப் பக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, எல்லாம் நல்லபடியா இருக்குங்களா என்று விசாரித்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு மொபெட் வந்து நின்றது. புருஷன் ஓட்ட, பின்னால் பொண்டாட்டி, நடுவில் ஒரு கைப்பிள்ளை, முன்னால் ஒரு மூட்டை. நாகலாபுரம் பக்கத்துக்காரர்கள். பயிர் போய்விட்டது, டவுனில் தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சொல்லியிருக்கிறது, வீடுதான் அகப்படவில்லை, காலையிலிருந்து தெருத்தெருவாக அலைகிறோம் என்றாள் அந்தப் பெண். பெயர் தங்கமாரியாம். பேசிக்கொண்டே அவள் கண் அந்தக் கட்டிடத்தின் மேல் போயிற்று. புதுப் பெயின்ட், ஜன்னல், வாசலில் இரண்டு படி.

"ஏன் அண்ணாச்சி, இந்த வீடு சும்மாதான கெடக்கு? வாடகைக்குக் கெடைக்குமா?"

சண்முகராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது வீடு இல்லம்மா" என்றார். "ஆபீஸு."

"ஆபீஸா? வேலை நடக்கா? ஆளு எடுக்காவளா?"

"வேலை நடக்கல. ஆளும் உள்ள இருக்கக் கூடாது."

தங்கமாரிக்குப் புரியவில்லை. பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப நீங்க இங்கன என்னத்தக் காவல் காக்குதீய?"

இதை அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் பதில் சொல்ல அவருக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை, தொண்டையில் தயாராக இருந்தது.

"யாரும் குடிவந்திராம பாத்துக்கிடுதேன்."

தங்கமாரி அவருடைய காக்கிச் சட்டையையும் விசிலையும் நாற்காலிக்கு விழுந்த நிழலையும் ஒரு தரம் பார்த்தாள். கேலியாகப் பார்க்கவில்லை.

"சர்க்கார் வேலையா அண்ணாச்சி?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"குடுத்து வச்சவிய" என்று சொல்லிவிட்டு, பிள்ளை தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு அவள் வண்டியில் ஏறினாள். மொபெட் டவுனைப் பார்த்துத் திரும்பியது.